பத்துக்குப் பத்து

தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, கோடை லீவு ஆரம்பிக்கும்போது ஒரு தடவை. வருஷத்துக்கு மூன்று முறை நம் பத்திரிகைகளின் இணைப்புப் புத்தகங்களில் அந்தக் கட்டுரை வந்துவிடும். தலைப்பு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 'கெஸ்ட் ரூமைப் புதுசாக்க பத்து ஈஸி டிப்ஸ்!' அல்லது, 'விருந்தாளிகள் வருகிறார்களா? ஒரே நாளில் அறையை மாற்றலாம்!' ஆச்சரியக்குறி கட்டாயம்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, இந்தக் கட்டுரைகளை நான் ஒன்று விடாமல் படிப்பவன். ரொம்ப நாளாகப் படிப்பதால் பத்து டிப்ஸும் மனப்பாடம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்த்தியான கலர் அடியுங்கள். எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி மாட்டினால் ரூம் பெரிசாகத் தெரியும். கட்டில் மேல் குட்டிக் குட்டித் தலையணைகளை அடுக்குங்கள். கால்மாட்டில் ஒரு கம்பளிப் போர்வையை மடித்துப் போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை. தரையில் சின்னக் கம்பளம். மேஜை மேல் ஜாடியில் பூ, பக்கத்தில் வாசனை மெழுகுவர்த்தி. சமீபமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வை-ஃபை பாஸ்வேர்டை எழுதி ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டுமாம்.

ஒரு கதையை விமர்சனம் செய்யும்போது, இது யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்போம் இல்லையா, அதை இந்தக் கட்டுரைகளிடமும் கேட்டுப் பார்க்கலாம். யாருக்காக? விருந்தாளிக்காக என்பீர்கள். கிடையாது. இந்தப் பத்து யோசனையும் கதவருகில் நின்று எட்டிப் பார்க்கிற ஆளுக்காக எழுதப்பட்டவை. அவர் பார்வைக்குச் சுவர் தெரியும், கண்ணாடி தெரியும், தலையணை அடுக்கு தெரியும். "அட, சூப்பரா இருக்கே!" என்று சொல்லிவிட்டு அவர் ஹாலுக்குப் போய்விடுவார். தங்க வருகிறவர் அப்படி இல்லை. அவர் இந்த அறையில் அதிகமும் படுத்திருப்பார். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். இருட்டில் எல்லாக் கலரும் ஒரே கலர்தான். இருட்டில் இருப்பவருக்குத் தெரிவது வேற விஷயங்கள்: ஃபேன் கடகடக்கிறதா, தலையணை நாறுகிறதா, கொசு காதோரம் பாடுகிறதா, பாத்ரூம் சுவிட்ச் எந்தப் பக்கம், செல்போன் சார்ஜர் ஒயர் கட்டில் வரைக்கும் எட்டுமா. இந்த ஐந்தில் ஒன்றுகூட பத்து டிப்ஸில் வராது. ஏன் வராது? போட்டோவில் விழாது, அதனால்.

அடுத்த சந்தேகம், இந்த டிப்ஸ் எந்த ஊரில் பிறந்தவை என்பது. கம்பளிப் போர்வை, தரைக் கம்பளம், கனமான திரை, மெழுகுவர்த்தி... பனி பெய்கிற ஊர்க்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை, அப்படியே இங்கே இறங்கியிருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் மே மாத மத்தியானம் நாற்பது டிகிரியைத் தாண்டும். அங்கே கால்மாட்டில் கம்பளி போடுவதும், ஐஸ்கிரீம் கடை வாசலில் சுடச்சுட ரசம் விற்பதும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. அடைத்து வைத்த அறையில் மெத்தை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இலவம்பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். சுவரின் அடிப்பாகம் ஊறும், 'அடர்த்தியான கலர்' செதில் செதிலாக உரியும். அதன் மேல் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் அதுவும் சேர்ந்து உரியும்.

நம் வீட்டுப் பாட்டிகளிடம் இதற்குக் கைவசம் ஒரு வழி இருந்தது. விருந்தாளி வருகிற சேதி வந்ததும் மெத்தை, தலையணை எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் மறுபக்கம் என்று திருப்பிப் போட்டு, சாயங்காலம் ஒரு குச்சியால் நாலு சாத்து. அவ்வளவுதான். செலவு பூஜ்யம். அன்றைக்கு ராத்திரி அந்தத் தலையணையில் வெயில் வாசனை வரும். எந்த மெழுகுவர்த்திக் கம்பெனியாலும் அதைச் செய்ய முடியாது.

*

மூன்றாவது காசு விஷயம். நான் பி.காம். படித்தவன், இந்த இடத்தில் கொஞ்சம் மூக்கை நுழைப்பேன். மன்னிக்கவும்.

விருந்தாளிக்காக வீட்டைப் புதுப்பிக்கிற வைபவத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்து தமிழில் வந்த மிகச் சிறந்த விமர்சனம் ஒரு சினிமா. 1967-ல் கே.பாலசந்தர் எடுத்த 'பாமா விஜயம்'. டி.எஸ்.பாலையாவுக்கு மூன்று பிள்ளைகள்: மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூன்று மருமகள்கள். அளவான சம்பளம், அளவான வீடு. பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள், ராஜஸ்ரீ. அவள் நம் வீட்டுக்கு ஒருநாள் வந்தால் என்ன நினைப்பாள்? இந்த ஒரு கேள்வியில்தான் முழுப் படமும் ஓடுகிறது. வீட்டுக்குள் புதுச் சாமான்கள் வந்து இறங்குகின்றன. கடன் ஏறுகிறது. அந்தப் படத்தில் வரவு செலவைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பி.காம். முதல் வருஷப் பாடமாகவே வைக்கலாம் அதை. படம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் 1968-லேயே இந்தியிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். கடன் வாங்கி வீட்டை ஜோடிப்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை போலிருக்கிறது.

பாலசந்தரின் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், அந்த நடிகையை அவர் கெட்டவளாகக் காட்டவில்லை. அவள் எதையும் கேட்கவே இல்லை. அவள் கண்ணால் தங்கள் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது இவர்கள்தான். பத்து டிப்ஸ் கட்டுரைகளின் முழு வியாபாரமும் இந்தப் பார்வையில்தான் நடக்கிறது. உங்கள் வீட்டை, இன்னும் வராத ஒருவரின் கண்ணால் பார்த்து வெட்கப்பட வைப்பது. (சொல்லவேண்டிய இன்னொன்று: மறு வருஷமே அதே பாலசந்தர் 'எதிர்நீச்சல்' எடுத்தார். அதில் நாகேஷுக்கு வசிக்கக் கிடைத்த இடம் மாடிப்படிக்குக் கீழே.)

சரி, கணக்கு. பத்துக்குப் பத்து அடியில் ஒரு கெஸ்ட் ரூம் என்றால் நூறு சதுர அடி. கட்டுமானச் செலவைக் குறைத்தே போடுவோம், சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய். அறையின் அடக்கம் இரண்டு லட்சம். ஹவுஸிங் லோன் வட்டி எட்டு சதம் என்றால் வருஷத்துக்குப் பதினாறாயிரம். ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ராத்தங்கும் விருந்தாளி வருஷத்தில் எத்தனை நாள் வருவார்? பன்னிரண்டு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காலத்துக்கு இதுவே தாராளம். ஒரு ராத்திரிக்கு வட்டி மட்டும் ஆயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று ரூபாய். தேய்மானம், பெயின்ட், குட்டித் தலையணை எல்லாம் தனி. இதைவிடக் குறைந்த வாடகைக்கு நல்ல லாட்ஜ் கிடைக்கும். 'அதுக்காக சம்பந்தியை லாட்ஜில் தங்க வைக்க முடியுமா?' என்று நீங்கள் கோபப்படுவது கேட்கிறது. முடியாது. ஆனால் மீதி முந்நூற்று ஐம்பத்து மூன்று நாள் அந்த அறை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

*

எளாவூர் தெரியுமா உங்களுக்கு? சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகிற லோக்கல் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அதற்கப்புறம் ஆரம்பாக்கம், அதோடு தமிழ்நாடு முடிந்துபோகும். லாரிக்காரர்களிடம் கேட்டால் 'எளாவூர் செக்போஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளை மூடுகிறவரை, கல்கத்தா ரோட்டில் பில்லும் கையுமாக லாரிகள் வரிசைகட்டி நின்ற இடம். ஒரு பக்கம் பழவேற்காட்டுக் காற்று, இன்னொரு பக்கம் சிப்காட் புகை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற பூமி.

அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ரிட்டயர் ஆவதற்குள் வீடு கட்டிவிட வேண்டும் என்று கட்டினார். கீழே மூன்று அறை. அதில் ஒன்று கெஸ்ட் ரூம், பத்துக்குப் பத்து. பிளானில் அப்படித்தான் எழுதியிருந்தது. கிரகப்பிரவேசம் முடிந்த ஆறாவது மாதம் அது என்னவாக ஆனது என்பதை நான் சொல்லவே வேண்டாம், உங்கள் வீட்டிலும் அதேதான். டி.வி. வந்த அட்டைப்பெட்டி ('வாரண்டிக்கு வேணுங்க'), ஓடாத கிரைண்டர், பையனின் பழைய சைக்கிள், சீர்வரிசைப் பித்தளை அண்டா, இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி மூட்டை, இரண்டு அரிசி மூட்டை. கட்டில் எங்கேயோ அடியில் இருந்தது.

போன வருஷம் பெண்ணுக்கு நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு நாள் தங்குவதாகத் தகவல் வந்ததும் நண்பரின் மனைவி இணைப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார். "ஏங்க, பத்தும் செஞ்சிரலாம்ங்க, ஈஸின்னுதான் போட்டிருக்கான்." செய்தார்கள். அண்டாவும் அரிசியும் மொட்டை மாடி ஷெட்டுக்குப் போயின. ஒரு சுவர் கத்திரிப்பூக் கலர் ஆனது. ஆளுயரக் கண்ணாடி வந்தது. ஏழு குட்டித் தலையணை வந்தது. ஜாடியில் பிளாஸ்டிக் பூ, அதில் தெளிக்க செண்ட். எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்துச் சொச்சம் ஆனதாக நண்பர் சொன்னார். சொல்லும்போதே தொண்டை கொஞ்சம் அடைத்தது.

சம்பந்தி வந்தார். எட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு" என்றார். உள்ளே போனார். சட்டையைக் கழற்றினார். மாட்டுவதற்கு ஆணி இல்லை. நாலு சுவரையும் பார்த்தார். புதுப் பெயின்ட் கெட்டுவிடும் என்று ஒரு ஆணிகூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் வை-ஃபை பாஸ்வேர்ட் ஃப்ரேமின் மூலையில் சட்டையை மாட்டினார். ஃப்ரேம் விழுந்தது. ராத்திரி ஏழு தலையணையையும் எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் அடுக்கினார். நடுராத்திரி எழுந்து இருட்டில் அதில் தடுக்கி, எதிரே கண்ணாடியில் யாரோ நிற்பதைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்... தெருவே விழித்துக்கொண்டதாம். மறுநாள் "ஹால்லயே ஃபேனுக்கு அடியில பாயைப் போட்டுருங்க சம்பந்தி, காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டார். பத்தமடைப் பாய் நெய்கிற ஊர்ப்பக்கத்து மனுஷர். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பாய், ஒரு ஆணி.

நண்பர் வீட்டைச் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்தில் அவர்களுக்கு நிஜமாகவே உபயோகமானது ஒன்று, அதுவும் எந்த டிப்ஸிலும் இல்லாதது: அறையைக் காலி செய்ததுதான். கெஸ்ட் ரூமைப் புதுசாக்குவது என்றால் எதை வாங்கிப் போடுவது என்று யோசிக்கிறோம். எதை வெளியே எடுப்பது என்பதுதான் முக்கால்வாசி வேலை. ஆனால் வெளியே எடுக்கச் சொன்னால் விளம்பரம் கொடுக்கிறவனுக்கு என்ன லாபம்?

*

இங்கே ஒரு கோஷ்டி குறுக்கே வரும். 'அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது சார்! வழிப்போக்கன்கூட படுத்துத் தூங்கலாம்' என்று ஆரம்பிப்பார்கள். உண்மைதான். பழைய வீட்டுத் திண்ணைகளில் தலை வைக்கச் சரிவாகத் திண்டுகூடக் கட்டியிருப்பார்கள். முட்டுக்காடு பக்கம் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு என்று நிஜ வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், போய் உட்கார்ந்து பார்க்கலாம். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் தெருவோடு நின்று பேசிவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு சட்டம் எழுதாமலே இருந்தது. எல்லா வழிப்போக்கனும் அங்கே வழிப்போக்கன் இல்லை. அதைச் சொல்லாமல் திண்ணைப் புராணம் பாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. இப்போதைய கெஸ்ட் ரூமுக்கு ஜாதி கிடையாதா என்றால், அதற்குப் பதில் உங்களுக்கே தெரியும்.

'விருந்து' என்ற சொல்லுக்கே புதுமை என்றுதான் பழைய பொருள். தொல்காப்பியத்தில் அப்படித்தான் வருகிறது. முன்னே பின்னே தெரியாத புது ஆள் வந்தால்தான் விருந்து. சம்பந்தியும் மச்சினனும் சுற்றம், விருந்து இல்லை. வள்ளுவர் ஒன்பதாவது அதிகாரத்தை முழுசாக விருந்தோம்பலுக்கு ஒதுக்கியிருக்கிறார். சாப்பாடு பற்றிப் பேசுகிறார், முகம் கோணாமல் இருப்பது பற்றிப் பேசுகிறார். பத்துக் குறளிலும் படுக்கை பற்றியோ அறை பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது.

அறை பற்றிய கதை வைஷ்ணவத்தில் இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு மழை ராத்திரி. பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருத்தர் படுக்கிற இடம். பூதத்தாழ்வார் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். பேயாழ்வார் வந்ததும் மூன்று பேரும் நிற்கிறார்கள். நாலாவதாக யாரோ வந்து நெருக்குகிறார்கள், யாரென்று பார்த்தால் பெருமாள். தமிழில் இதைவிடப் பழைய, இதைவிட நல்ல கெஸ்ட் ரூம் கதை எனக்குத் தெரியாது. கலர் கிடையாது, கண்ணாடி கிடையாது. இடம் கிடையாது என்பதுதான் கதையே.

*

எளாவூர் நண்பர் வீட்டு மாடிக்கு இப்போது வருவோம். கீழே கெஸ்ட் ரூம் கட்டிய அதே வருஷம் மாடியில் வாடகைக்கென்று மூன்று ரூம் போட்டார். ஹவுஸிங் லோன் கட்ட வேண்டாமா? அதுவும் பத்துக்குப் பத்து. கீழே வருஷத்துக்குப் பன்னிரண்டு ராத்திரிகூட ஆள் இல்லாத நூறு சதுர அடி. அதற்கு நேர் மேலே உள்ள நூறு சதுர அடியில் ஒன்பது பேர். ஒடிஷா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். பக்கத்து ஃபேக்டரிகளில் காண்ட்ராக்ட் வேலை. அவர்கள் சாப்பாடு, சமையல், துணி, தூக்கம் எல்லாம் அந்த நூறு சதுர அடிக்குள். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் படுக்க முடியாது. பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போன பாயில் நைட் ஷிப்ட் ஆள் வந்து படுப்பார். கும்மிடிப்பூண்டி வட்டாரம் முழுக்க இப்படி லைன் வீடுகள் முளைத்திருக்கின்றன. என் நண்பர் மற்ற ஓனர்களைவிட மோசமில்லை. தண்ணி விடுவார், காசைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மற்றதில் தலையிட மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தகுந்த தங்குமிடம் கொடுப்பது காண்ட்ராக்டரின் பொறுப்பு என்று அது சொன்னது. மறு வருஷம் வந்த மத்திய விதிகளில் அளவே கொடுத்திருந்தார்கள். குடும்பமில்லாமல் வந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆறரை சதுர மீட்டர். நம் கணக்கில் எழுபது சதுர அடி. பத்துக்குப் பத்தில் அந்த விதிப்படி ஒருத்தர் படுக்கலாம். இரண்டாவது ஆள் வந்தாலே விதிமீறல். ஒன்பதாவது ஆள்? 2020-ல் அந்தச் சட்டத்தைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததனால் மாடி ரூம் ஒரு அடிகூடப் பெரிசாகவில்லை. திருக்கோவலூர் இடைகழியில் நாலாவதாக வந்து நெருக்கியவர் பெருமாள். சிப்காட் லைன் வீட்டில் நெருக்குகிறவர் காண்ட்ராக்டர்.

எளாவூருக்குத் தெற்கே, அடுத்த ஸ்டேஷனான கும்மிடிப்பூண்டியில் இன்னொரு பத்துக்குப் பத்தும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் முகாம். 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள். 'அகதிகள் முகாம்' என்று இருந்த பெயரை 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல காரியம். தமிழ்நாட்டு முகாம்களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வீட்டின் அளவு என்ன என்று அங்கே வளர்ந்த யாரைக் கேட்டாலும் அடி மாறாமல் சொல்வார்கள், 'பத்துக்குப் பத்து.' வந்த நாளில் விருந்தாளி. பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, அதற்கும் பிள்ளை பிறந்த பிறகும் விருந்தாளிதான். ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளியை இத்தனை வருஷம் விருந்தாளியாகவே வைத்திருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

பொதுவாகவே நம் நாட்டில் கெஸ்ட் ரூம் என்பது எத்தனை பேர் சமாசாரம் என்று பார்த்தால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தேழு குடும்பம் ஒரே அறையில் வாழ்கிறது. முப்பத்திரண்டு குடும்பத்துக்கு இரண்டு அறை. தனக்கென்று ஒரு அறைகூட இல்லாதவை கிட்டத்தட்ட நாலு. ஆக நூற்றில் எழுபத்து மூன்று வீட்டில் விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் படுக்கை மாற வேண்டியதுதான். 2011-ல் இங்கே கொண்டுவந்த பசுமை வீடு முந்நூறு சதுர அடி. 2016-ல் வந்த பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு இருபத்தைந்து சதுர மீட்டர், அதாவது இருநூற்று அறுபத்தொன்பது சதுர அடி, சமையலறையும் சேர்த்து. இந்த வீடுகளுக்கு விருந்தாளி வருவதில்லையா? அவர்களுக்குத்தான் அதிகம் வருவார்கள். பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலை தேடி, சண்டை போட்டுக்கொண்டு. ஆனால் இணைப்புப் புத்தகத்தின் பத்து டிப்ஸில் ஒன்றாவது இந்த வீட்டுக்குப் பொருந்துமா? கண்ணாடி மாட்டினால் ரூம் பெரிசாகத் தெரியும் என்பது மட்டும் பொருந்தலாம். தெரியும். ஆகாது.

அரசாங்கத்தால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய குடியிருப்பைத் திறந்தார்கள். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி கேட்டால் கட்ட முடிகிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறவனுக்காகக் கேட்க ஆள் இல்லை. 2020 ஊரடங்கில், வேலையும் வாடகையும் இல்லாமல், இதே கல்கத்தா ரோட்டில் வடக்கே பார்த்து மூட்டையோடு நடந்தவர்களை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். 'ஐயோ பாவம்' என்றோம். திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது அதே ரூம், அதே பாய்.

ஆகவே, இணைப்புப் புத்தக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளிக்கு ஒரே ஒரு தடவை, 'பத்துக்குப் பத்தில் ஒன்பது பேர்: ஈஸி டிப்ஸ்' என்று எழுதுங்கள். தலைப்பில் ஆச்சரியக்குறிகூடப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளடக்கத்துக்கு நான் உதவி செய்கிறேன், எளாவூர் மாடியில் உட்கார்ந்து கேட்டு எழுதியது.

சுவரோரமாக ஒரு பலகையடித்து ஆளுக்கு ஒரு கொக்கி, ஆளுக்கு ஒரு பை. துணியும் பேப்பரும் தரையை விட்டு மேலே போனால் இன்னொருவர் காலை நீட்டலாம். ஒரே பிளக் பாயிண்டில் ஒன்பது செல்போன் மாட்டினால் ஒயர் உருகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு பாயிண்ட் தனி ஒயரில் இழுக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் பேசுகிற ஒரே வழி அந்த செல்போன்தான். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம். ஒன்பது பேர் மூச்சு விடுகிற அறையில் அது சின்ன விஷயம் இல்லை. அடுப்பை வராந்தாவுக்கு மாற்றி மேலே ஒரு தகரம் போடுங்கள். பாயை வாரம் ஒருமுறை வெயிலில் போட, ஓனர் மொட்டை மாடிச் சாவியைக் கொடுக்க வேண்டும். இது காசில்லாத டிப்ஸ், ஆனால் கஷ்டமான டிப்ஸ். என் நண்பரிடம் சொன்னேன். "சார், மேல அண்டா இருக்கு, அரிசி இருக்கு..." என்று இழுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஏழு குட்டித் தலையணைகளை அவர் மனைவி எப்போதோ மாடிக்குக் கொடுத்துவிட்டார்.

கனமான திரைச்சீலையை மேலே கேலி செய்தேன் அல்லவா, அது இந்தப் பட்டியலில் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வருகிறவருக்குத் தூங்க இருட்டு வேணும். கிழக்கு பார்த்த ஜன்னல் அது. இப்போதைக்கு ஒரு பழைய சிமென்ட் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள்.